சாப்மன் அம்மையாரும் ஒரு சிறுவனும்

பலாங்கொடைத் தோட்டப் பாடசாலையொன்றில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராத சிறுவன் ஒருவனை அடங்காதவன் என்றெண்ணிக் கடைசி வாங்கில் இருத்தினேன். அவன் கண்கள் என் உதடுகளை விட்டு அகலா. அவனுக்குச் செவிப்புலன் இல்லை என்பது விளங்கியபோது அவன் படிப்பை விட்டுப் போயிருந்தான்.

மேரி சாப்மன் அம்மையாரை நான் நாணத்தோடுதான் நினைக்கிறேன். நம் தோட்டத்து மக்கள் சிலரின் முன்னோர் பிறந்த திருநெல்வேலிச் சீமையில், பாளையங்கோட்டைச் செவிப்புலனற்றோர் பள்ளியில் பணியாற்றியவர் அவர். பின்னர் ஈழம் வந்து, செவிப்புலனும் கட்புலனும் அற்ற பிள்ளைகளுக்காக 1912இல் ஒரு பள்ளி தொடங்கினார். அதுவே இன்றைய இரத்மலானைப் பள்ளி. அதனோடு அமையாது, 1920இல் இரங்கூனிலும் ஒன்று நிறுவினார். யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை எழுந்தது 1956இல். நம் மலைக்கு இவையெல்லாம் தொலைவே.

அக்காலப் பள்ளிகள் பலவற்றில் வழங்கிய வாய்மொழி முறையில், பிள்ளை தன் கையை ஆசிரியரின் மிடற்றில் வைத்து அதிர்வை உணரும்; உதட்டைப் பார்க்கும். பகரமும் மகரமும் இதழுக்கு ஒன்றே; மூக்கைத் தொட்டால்தான் வேறுபாடு தெரியும். (சைகையை அம்முறை ஒதுக்கியது பிழை என்பேன், சைகையும் நிறைவான மொழியே.)

தொல்காப்பியப் பிறப்பியலும் மிடறு, இதழ், மூக்கு என்றுதானே பேசுகிறது? அந்நூற்பாக்களைப் பிராசீன பாடசாலையில் பிழையின்றி ஒப்புவித்துப் பாராட்டுப் பெற்றவன் நான். அச்சிறுவனின் கையை எடுத்து என் கழுத்தில் வைக்க எனக்குத் தோன்றவில்லை.