பிணி முடியும் இடத்தில் பிறக்கும் பாட்டு: ‘அருணகிரிநாதர்’ (1964) திரைப்படத்தில் பாடகர் வாழ்வும் தொழுநோயும்

திறவுச்சொற்கள்: அருணகிரிநாதர், திருப்புகழ், டி.எம். சௌந்தரராசன், தொழுநோய், வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படம்

முன்னுரை

சென்னை மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளியில் உள்ள மேற்கு வட்டச் சாலைக்கு 2023 மார்ச்சில் டி.எம். சௌந்தரராசன் பெயர் சூட்டப்பட்டது. 2013இல் மறையும் வரை அவர் வாழ்ந்த பகுதி அது. பின்னணிப் பாடகராகவே அறியப்பட்ட அவர் முதன்மை வேடமேற்று நடித்த படங்கள் மிகச் சில. அவற்றுள் ‘பட்டினத்தார்’ (1962), ‘அருணகிரிநாதர்’ (1964) ஆகிய இரண்டும் பாடிய அடியார்களின் வரலாறுகள். இரண்டாவது படம், கொடிய நோயுற்ற ஒருவர் அதினின்று மீண்டு பாடகராவதைக் கூறுகிறது. நோயை வென்ற இசைக்கலைஞர் என்னும் கதைவகைக்குத் தமிழ்த் திரை தந்த வடிவம் எத்தகையது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தடைப்படும் இசையும் தொடங்கும் இசையும்

இக்கதைவகைக்கு மேலைத் திரையுலகில் எடுத்துக்காட்டாக விளங்குவது ‘இன்டரப்டட் மெலடி’ (1955). ஆப்பரா எனும் மேலை இசைநாடகத்தில் புகழ்பெற்ற ஆஸ்திரேலியப் பாடகி மார்ஜரி லாரன்ஸ் 1941இல் இளம்பிள்ளைவாதத்தால் நடக்கும் ஆற்றலை இழந்தார். பின்னர் அமர்ந்தும் சாய்ந்தும் பாடியவாறே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கிற்குத் திரும்பினார். படத்தில் அவராக நடித்தவர் எலினோர் பார்க்கர். பாடியவர் ஐலீன் ஃபாரல். வரலாற்றுக்குரியவரின் முகமும் குரலும் படத்தில் இல்லை.

படத்தின் பெயரே உணர்த்துவதுபோல, அங்கே நோய் நடந்துகொண்டிருந்த இசையை இடைமறிக்கிறது. மீட்சி என்பது இழந்ததைத் திரும்பப் பெறுதல். அருணகிரிநாதர் கதைமரபில் இவ்வரிசை தலைகீழாகிறது. பரத்தையர் நட்பில் பொருளழிந்து, தொழுநோயுற்று, தமக்கையின் சொல்லால் நாணித் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து வீழ்ந்தவரை முருகன் தாங்கி நலமளித்தான் என்பது மரபு. படமும் இதனையே பின்பற்றுகிறது. நோய்க்கு முன் அவர் பாடகராகப் புகழ்பெற்றவர் அல்லர். ஆகவே நோய் அவரிடமிருந்து பாட்டைப் பறிக்கவில்லை. பாட்டு, நலம் பெற்றபின் கிடைப்பது.

இங்குத்தான் நடிகர் தேர்வு பொருளுடையதாகிறது. தொழுநோய் முற்றிய நிலையில் குரல்வளையைத் தாக்கிக் கரகரப்பை உண்டாக்கக்கூடியது. ‘முத்தைத்தரு’ எனத் தொடங்கும் பாடலோ வல்லின இரட்டிப்புகளும் போர்க்களப் பறையொலிக் குறிப்புகளும் நிறைந்தது. மூச்சும் நாவும் முழுவலிமையோடு இயங்கினாலன்றி விரைந்து பாட இயலாதது. எனவே அப்பாடலைத் தடையின்றிப் பாடி முடிப்பதே உடல் நலமுற்றதற்குச் சான்றாகிவிடுகிறது. ஒப்பனை மாற்றத்தைவிட இது வலிய சான்று. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் ஒலித்த குரலை அதற்குரியவர் முகத்தோடே திரையில் கண்ட பார்வையாளர்க்கு, பாடுபவர் வேறு, நடிப்பவர் வேறு என்ற எண்ணம் எழவில்லை. லாரன்ஸுக்குக் கிட்டாத ஒருமை இது. அருணகிரியாருக்கு ஐந்து நூற்றாண்டு கழித்து இரவல் குரலால் கிட்டியது.

நோயின் காரணம்

படத்தின் சிக்கலான பகுதி வேறிடத்தில் உள்ளது. தொழுநோய் ஒழுக்கக்கேட்டின் விளைவு என்னும் கருத்தை அது ஐயமின்றி ஏற்கிறது. பத்தாண்டுக்கு முன் வெளிவந்த ‘ரத்தக்கண்ணீர்’ (1954) படத்தில் எம்.ஆர். ராதா ஏற்ற மோகனசுந்தரமும் பரத்தையை நாடித் தொழுநோயுற்றவனே. ஒன்று பக்திப் படம்; மற்றொன்று பகுத்தறிவு இயக்கச் சார்புடைய நடிகரின் நாடக மேடையிலிருந்து வந்தது. இறைவன் குறித்து எதிரெதிர் நிலையில் நிற்கும் இரண்டும் நோயின் காரணத்தில் ஒன்றுபடுகின்றன. பக்திப் படமாவது நோயாளிக்கு மீட்சி தருகிறது.

இந்நோய் நுண்ணுயிரியால் வருவது என்பதை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டறிந்தார். இது பால்வினை நோயன்று. சென்னைக்குத் தெற்கே செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1924இல் தோன்றிய தொழுநோய் மருத்துவ நிலையம் 1955இல் மைய அரசின் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. டாப்சோன் மருந்தும் அக்காலத்தில் வழக்கில் இருந்தது. திரையில் முருகனருள் ஒன்றே மருந்தாகக் காட்டப்பட்ட காலத்தில், அருகிலிருந்த ஊரில் மாத்திரையால் நோய் தணிந்துகொண்டிருந்தது. நோயாளிகளைப் பிரித்து அடைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டமோ 2016இல்தான் நீக்கப்பட்டது.

நூற்சான்று

வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை ஏடுகளைத் தேடித் திருப்புகழை 1894 முதல் அச்சிட்டார். அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை வரலாற்றையும் நூலையும் இணைத்து ஆராய்ந்தார். பிரபுடதேவ மன்னரைக் குறிக்கும் பாடலால் புலவரின் காலம் 15ஆம் நூற்றாண்டு என்பது பெறப்படுகிறது. வாழ்க்கை நிகழ்ச்சிகளுக்கு இத்தகைய உறுதி இல்லை. பரத்தையர் மயக்கத்தில் அழிந்ததாகத் தன்மையிடத்தில் வரும் கூற்றுகளைப் புலவரின் சொந்த வாக்குமூலமாகக் கொண்டதே கதை வளர்ந்த வழி எனலாம். உலகோர் குற்றத்தைத் தம்மேல் ஏற்றிப் பாடுவது பக்தி இலக்கியத்தில் பழகிய மரபு என்பதை இவ்வாசிப்பு மறந்துவிடுகிறது.

திருத்தணிகைக்குரிய பாடலொன்றில் நோய்களின் பட்டியலே உண்டு. இருமல், முயலகன், வாதம், நீரிழிவு, விடாத தலைவலி, சோகை, கண்டமாலை, பெருவயிறு, ஈளை, சூலை என அது நீள்கிறது. ‘வேறுமுள்ள நோய்கள்’ என்று பொதுவில் அடக்குவதன்றித் தொழுநோயைப் பெயர் சுட்டவில்லை. மேலும், எந்த நோயும் எவர் செய்த பாவத்தால் வந்தது என்ற ஆராய்ச்சிக்கே அப்பாடல் புகவில்லை. பிறவிதோறும் இவை வந்து நலியாதிருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டுகிறது.