ஆடுகளத்தின் மறுபக்கம் – 9: பேட்டி கொடுத்தால் போதுமா?

2021 மே இறுதியில் பிரெஞ்சு ஓப்பன் தொடங்கும் முன்பே, அந்தப் போட்டியில் பத்திரிகையாளர் சந்திப்புக்கு வரப்போவதில்லை என்று டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா அறிவித்தார். முதல் சுற்றில் வென்றார். சொன்னபடியே சந்திப்பைத் தவிர்த்தார். 15,000 டாலர் அபராதம் விழுந்தது. இது தொடர்ந்தால் போட்டியிலிருந்தே நீக்க நேரிடும் என்று நான்கு கிராண்ட்ஸ்லாம் நிர்வாகங்களும் கூட்டாக எச்சரித்தன. மறுநாள் அவரே விலகிக்கொண்டார். 2018 முதல் மன அழுத்தத்தோடு போராடி வருவதையும் வெளியே சொன்னார். ஒரு தரப்பு அவருக்காக இரங்கியது. மறுதரப்பு ஒப்பந்தத்தைக் காட்டியது. இந்த இரைச்சலில் அதிகம் பேசப்படாத கேள்வி ஒன்று உண்டு: கட்டாயப்படுத்தி வாங்கும் பேட்டியால் வாசகருக்கு என்ன லாபம்?

சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கைப் பாருங்கள். 1999 முதல் 2005 வரை ஏழு முறை டூர் டி பிரான்ஸ் வென்ற காலத்தில் அவர் நிருபர்களைக் கண்டு ஒளிந்தவர் அல்ல. மைக்குக்கு முன் அமர்ந்து ஊக்கமருந்துக் குற்றச்சாட்டைத் திரும்பத் திரும்ப மறுத்தார். உண்மையின் நூல்முனை வேறிடத்தில் கிடைத்தது. அவரது அணியில் மசாஜ் பணியாளராக இருந்த எம்மா ஓரெய்லி, டேவிட் வால்ஷ் என்ற நிருபரிடம் பேசினார். 2004-ல் அது புத்தகமாக வந்தது; ஆம்ஸ்ட்ராங் வழக்குப் போட்டார். அந்த ஆண்டுப் பந்தயத்தின்போது சக நிருபர்களே வால்ஷைத் தங்கள் காரில் ஏற்ற மறுத்தார்கள். ஏற்றினால் ஆம்ஸ்ட்ராங்கின் அணி தங்களோடும் பேசாது என்ற பயம். 2012-ல் பட்டங்கள் பறிபோய், 2013 ஜனவரியில் ஆம்ஸ்ட்ராங் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அத்தனை வருடம் உண்மையை மூடி வைக்க உதவியவற்றுள் பேட்டிக்கான நிருபர்களின் அந்த ஆசையும் ஒன்று.

கட்டாயம் போய்விட்டால் நட்சத்திரங்கள் சொந்த அலைவரிசைக்குள் புகுந்துகொள்வார்கள், சங்கடமான கேள்வியை யார் கேட்பது என்பார்கள். நியாயமான கவலை. கிரிக்கெட் வீரர் அஸ்வின் தன் யூடியூபில் பந்துவீச்சின் நுட்பத்தைத் தமிழில் பிரித்து வைக்கும்போது, பல பேட்டிகளில் கிடைக்காத விளக்கம் கிடைக்கிறது. ஆனால் எந்த வீரரும் தன் அலைவரிசையில் தன்னையே குறுக்கு விசாரணை செய்யமாட்டார். சரி, அபராதம் அதைச் செய்துவிடுமா? 2015 சூப்பர் பவுலுக்கு முன் அமெரிக்கக் கால்பந்து வீரர் மார்ஷான் லிஞ்ச் நிருபர்கள் முன் வந்து அமர்ந்தார். அபராதத்தைத் தவிர்க்கவே வந்திருப்பதாக எல்லாக் கேள்விக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போனார். ஆளை இழுத்து வரலாம். பதிலை இழுத்து வர முடியாது. பொதுச் சந்திப்பு இல்லையென்றால் செல்வாக்குள்ள நிருபருக்கு மட்டுமே பேட்டி கிடைக்கும், சின்னப் பத்திரிகை வெளியே நிற்கும் என்ற வாதம் இதைவிட வலுவானது. அதனால் அந்தச் சந்திப்பு அறை திறந்தே இருக்கட்டும். அபராதம் மட்டும் போகட்டும்.

பேட்டியை உரிமையாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. பேட்டி தராததற்காகப் பத்திரிகையாளர் ஒருவர் அனுப்பிய மிரட்டல் செய்திகளை 2022-ல் விருத்திமான் சாஹா வெளியிட்டார். கிரிக்கெட் வாரியம் அந்தப் பத்திரிகையாளருக்கு இரண்டு ஆண்டு தடை விதித்தது. காரில் இடம் மறுத்த பயமும் இந்த மிரட்டலும் ஒரே வேரில் முளைத்தவை. வீரரின் வாயையே நம்பிப் பிழைக்கும் இதழியல் ஒன்று கெஞ்சும், இல்லை அதட்டும். மசாஜ் அறை வரை போய் விசாரிக்கிற இதழியலுக்கு இரண்டும் தேவைப்படாது.

(தொடரும்)