மணி ஊமையாகக் கூடாது

கொல்கத்தா புர்ராபஜார் பகுதியிலுள்ள ரிதுராஜ் ஓட்டலில் 2025 ஏப்ரல் 29 அன்று இரவு தீப்பிடித்தது. 14 பேர் மாண்டனர். அவர்களில் மூவர் தமிழகத்திலிருந்து சென்றவர்கள். பெரும்பாலோரின் உயிரைக் குடித்தது நெருப்பல்ல, புகை. ஓட்டலின் தீத்தடுப்புக் கருவிகள் இயங்கவில்லை என்று தீயணைப்புத் துறையினர் கூறினர்.

மூணாறு, குமுளி, நெல்லியாம்பதி என்று விடுமுறையில் நம்மவர்கள் தங்குவது பெரும்பாலும் சிறிய லாட்ஜுகளில்தான். அங்கே அறைக் கூரையில் கிண்ணம் கவிழ்த்தாற்போல் இருந்தால், அது புகை உணரும் கருவி. உள்ளே ஓர் ஒளிக்கற்றை இருக்கும். புகை புகுந்தால் ஒளி சிதறும். உடனே வரவேற்பறைப் பெட்டிக்குத் தகவல் போய் அபாயமணி ஒலிக்கும்.

மலைப் பனிமூட்டமும் சிறு பூச்சிகளும்கூட இக்கருவியை ஏமாற்றிவிடும். நள்ளிரவில் இரண்டு முறை வீணாக அலறினால் தங்கியிருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். தொல்லை வேண்டாமென்று மணியை நிறுத்தி வைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. கருவியைத் தூசி போகத் துடைக்கலாம். சமையலறையில் புகைக்குப் பதிலாக வெப்பத்தை உணரும் கருவியைப் பொருத்தலாம். மின்சாரம் போனால் கைகொடுக்கும் பேட்டரியையும் சோதிக்க வேண்டும்.

லாட்ஜ் நடத்தும் அன்பர்களே, மாதம் ஒருமுறையாவது மணியை ஒலிக்கவிட்டுப் பாருங்கள். தங்கப் போகும் அன்பர்களே, வெந்நீர் வருமா என்று கேட்கும்போதே, மணி அடிக்குமா, இன்னொரு படிக்கட்டு எங்கே என்றும் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.