ஏகாரம் இருக்க ஆச்சரியக்குறி எதற்கு?

கடலூர் ஜில்லா மேல்பட்டாம்பாக்கத்தில் குழாயில் நீர் வரவில்லையென்று ஊரார் மனு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "தண்ணீர் வேண்டும்!!!" என்று மூன்று ஆச்சரியக்குறிகளை நிறுத்தினால் அதிகாரி மும்மடங்கு விரைந்து வருவாரா? வாரார். "நான்கு நாளாக ஒரு குடம் நீரும் வரவில்லை" என்று எழுதினால், 'நீரும்' என்பதிலுள்ள உம்மையே அவர் மனத்தில் தைக்கும். பொதுக்காரியங்களில் ஈடுபட்டுள்ள நம் இளைஞர்கள் இதை மறந்து வருவது கண்டே இதனை எழுதுகிறோம்.

ஆங்கிலத்தில் நண்பர்க்கு எழுதுவோர், ஒவ்வொரு சொல்லின் பின்னும் முற்றுப்புள்ளி வைத்து அழுத்தங் காட்டுவது வழக்கமாகிவிட்டது. 'தி சிம்ப்ஸன்ஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சிச் சித்திரத்தில், 1997-இல் ஒரு பாத்திரம் மூன்று சொற்களை வெட்டி வெட்டிச் சொன்ன பேச்சு இதற்குப் பெருவிளம்பரம் தந்தது. இதை நாம் குறை கூறவில்லை. ஆங்கிலேயன் தான் வற்புறுத்தும் சொல்லைப் பெரும்பாலும் குரலை ஓங்கியே காட்டுகிறான். காகிதத்துக்குக் குரல் ஏது? ஆகவே சாய்வெழுத்தையும் குறிகளையும் துணைக்கொள்கிறான்.

தமிழனுக்கு அந்த வறுமை இல்லை. ஏகாரத்துக்கு 5 பொருளும் உம்மைக்கு 8 பொருளும் உண்டென்று தொல்காப்பியர் வகுத்துவைத்தார். அவன் செய்தான், அவனே செய்தான், அவனும் செய்தான், அவனா செய்தான்? ஓர் இடைச்சொல் வழக்கையே திருப்பிவிடுகிறதன்றோ! ஏடு பொத்துப்போகுமென்று மெய்யெழுத்தின் புள்ளியையும் பெரும்பாலும் விட்டெழுதிய நம் முன்னோர், சொல்லின் அழுத்தத்தை இழந்தாரில்லை.

அப்படியாயின் மேனாட்டுக் குறிகளை அறவே தள்ளவேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டுவதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் அவற்றைத் தம் வசனநடையில் ஏற்றார். ஏற்றது வாசிப்போர் தெளிவுக்கு, கூச்சலுக்கன்று.

இன்று சுவரொட்டியைப் பாருங்கள். காதுகுத்துக்கும் மூன்று குறி. கண்டனக் கூட்டத்துக்கும் மூன்று குறி. நாள்தோறும் 'புலி வருகிறது' என்று கூவினவன், மெய்யாகவே புலி வந்த அன்று எதைக் கூவுவான்? அநீதியை எதிர்ப்போர்க்குச் சொல்லே ஆயுதம். அதன் மதிப்பை நாமே குறைத்துக்கொண்டால் நஷ்டம் எதிரிக்கில்லை, நமக்கே.

ஆதலால் அடுத்த மனுவில் குறிகளைக் குறையுங்கள். நாளையும் கணக்கையும் சேருங்கள். வற்புறுத்தவேண்டிய இடத்தில் ஓர் ஏகாரம் போதும்.