பழைய எஞ்சினும் புதிய வண்ணமும்

முன்னோர் விட்டுச்சென்ற பொருள்களைப் பேணுவது குடும்பத்தின் கடமைகளுள் ஒன்று. நிலத்தையும் நகையையும் காப்பதில் நாம் காட்டும் கருத்தை, அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கும் விளையாட்டுப் பொருளிடம் காட்டுவதில்லை. கடல் கடந்து வாணிகம் செய்தோர் வாழ்ந்த மணப்பாடு போன்ற ஊர்களில், அயல்நாட்டிலிருந்து வந்த பொம்மை ரயில் எஞ்சின் ஒன்று ஏதேனும் ஒரு பழம்பெட்டியில் இன்றும் உறங்கிக் கிடக்கலாம். அதற்கு மீண்டும் உயிரூட்டுவது எவ்வாறு, அதனைத் தொடாமல் விடுவது எப்போது என்பதை இங்கே காண்போம்.

நம் கரையில் ஓடிய வண்டி

மணப்பாட்டை அடுத்த குலசேகரப்பட்டினத்தில், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பாரி கம்பெனியைச் சார்ந்த சர்க்கரை ஆலை ஒன்று இயங்கிற்று. அதனையொட்டித் திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே குறுகிய இருப்புப்பாதை ஒன்று அமைந்திருந்தது. 1940-இல் அந்த வண்டி நின்றுபோயிற்று. கண்ணெதிரே உருவம் இல்லாத பொருளின் வரலாறு இரண்டு தலைமுறைக்குள் வெறுங்கதையாகிவிடுகிறது. ஒரு சிறு மாதிரி எஞ்சினையேனும் காக்கவேண்டும் என்று நாம் கூறுவது இதனாலேயே.

பெரிய எஞ்சின்கள் தரும் பாடம்

பழைய எஞ்சின்களைச் செப்பனிடும் கலையில் தமிழகம் முன்னணியில் நிற்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-இல் செய்யப்பட்ட ‘எக்ஸ்பிரஸ்’ என்னும் எஞ்சின், 1909-இல் ஓய்வு பெற்று, நூறாண்டுக்கு மேலாகக் காட்சிப் பொருளாகவே நின்றது. பெரம்பூர் ரயில் எஞ்சின் தொழிலகத்தார் அதனைப் பழுதுபார்த்து 2010-இல் ஓடவைத்தனர். திருச்சி பொன்மலைப் பணிமனையோ நீலகிரி மலைப்பாதைக்கென எண்ணெயால் இயங்கும் நீராவி எஞ்சின்களை 2011 முதல் புதிதாகவே கட்டியது; 2021-இல் நிலக்கரியால் இயங்கும் எஞ்சினையும் கட்டி முடித்தது.

இவ்விரண்டும் வெவ்வேறு பணிகள். முன்னது பழையதைக் காத்தல். பின்னது பழைய வடிவில் புதியதைச் செய்தல். இரண்டும் நற்பணிகளே. ஆனால் ஒன்றை மற்றொன்றென்று சொல்லுதல் ஆகாது. வீட்டிலுள்ள சிறிய எஞ்சினுக்கும் இவ்விதி பொருந்தும்.

சிறிய எஞ்சினின் உட்புறம்

லிவர்பூல் நகரத்துப் பிராங்க் ஹார்ன்பி 1920-இல் சாவி கொடுத்தால் ஓடும் ரயில்களை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1938-இல் அவருடைய நிறுவனம் 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையில் ஓடும் சிறுவகையை வெளியிட்டது. உண்மையான எஞ்சினின் ஓரடி நீளம் இதில் 4 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. இத்துணைச் சிறிய பொருளில் வண்ணம் சற்றே தடித்தாலும் ஆணித்தலைகளும் எழுத்துகளும் மறைந்துவிடும்.

வேலையைத் தொடங்குமுன் எஞ்சினை நாற்புறமும் படம் எடுத்துக்கொள்க. மேற்கூட்டைக் கழற்றித் திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் வரிசையாக இடுக. ஓடாத எஞ்சின்கள் பலவற்றில் குற்றம், அச்சுகளில் சுற்றிய முடியும் இறுகிப்போன பழைய கிரீசுமே. அவற்றை நீக்கி, மெல்லிய எண்ணெய் ஒரு துளி இட்டால் போதும். மின்சாரத்தால் ஓடுவதாயின், சக்கரங்களின் கறையைத் துடைத்து, மோட்டாரின் கார்பன் தேய்ந்துள்ளதா என்று பார்க்கவேண்டும்.

அடுத்தது பழைய வண்ணத்தை நீக்குதல். கடற்கரை மக்களுக்கு இது புதிதன்று. வள்ளத்தின் உரிந்த வண்ணத்தைச் சுரண்டாமல் மேலே பூசினால், புதியதும் உடன் உரிந்துபோகும் என்பதை அவர்கள் அறிவர். ஆயினும் உலோகத்திற்கு ஏற்ற வண்ணநீக்கி பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். ஆகவே கூட்டின் உட்புறத்தில் ஒரு சிறு இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்கவேண்டும். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்துத் தூள் பறக்கவிடலாகாது. குழந்தைகள் அருகில் இருத்தலும் கூடாது.

பின்னர் வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, நன்கு உலர்த்திப் பிரைமர் பூசுக. அதன்மேல் வெளிர் நிறங்களை முதலிலும் அடர் நிறங்களைப் பின்னரும் இடுதல் நலம். தடிப்பாக ஒருமுறை பூசுவதைவிட, மெல்லியதாக மும்முறை பூசுவதே சிறப்பு. ஈரக்காற்று மிகுந்த நாளில் வண்ணம் வெளுத்து மங்கும். எனவே நம் பகுதியில் வறண்ட நண்பகலே இதற்கு ஏற்றது. இறுதியில் கோடுகளும் எண்களும் இட்டு, மெல்லிய வார்னிஷ் பூசி முடிக்கவேண்டும்.

தொடாமல் விடவேண்டியவை

தகரத்தில் அச்சிட்ட வண்ணங்களை உடைய பழைய பொம்மைகளுக்குப் புது வண்ணம் பூசவே கூடாது. அந்த அச்சு ஒருமுறை அழிந்தால் மீளாது. தூசியை மெல்லத் துடைத்து, உப்புக்காற்றுப் படாமல் மூடிவைப்பதே அதற்குச் செய்யும் சிறந்த மருத்துவம். துத்தநாகக் கலவையில் வார்த்த சில எஞ்சின்களில், அக்கலவையில் ஈயம் கலந்த காரணத்தால் உலோகமே உப்பி வெடித்து உதிரும். இதற்கு மருந்து இல்லை. வண்ணம் பூசி மறைப்பதால் பயனும் இல்லை. அவ்வுறுப்பை மாற்றலாம், மாற்றியதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். பின்னால் வருவோர், பழையது எது, நாம் சேர்த்தது எது என்று அறியவேண்டுமல்லவா?

பெற்றோரே, விடுமுறை நாள்களில் பிள்ளைகளை அருகிலிருத்தி, வண்ணம் நீக்கும் வேலை தவிர்த்த ஏனையவற்றில் அவர்களையும் ஈடுபடுத்துங்கள். கழற்றியதை வரிசை மாறாமல் மீண்டும் பூட்டக் கற்ற பிள்ளை, பொறுமையையும் உடன் கற்றுக்கொள்ளும். அந்தச் சிறு சக்கரங்கள் சுழலும்போது, குலசேகரப்பட்டினத்தில் ஓடிய வண்டியைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.