இருட்டுக் குடிலும் பைக் மீனும்

‘பைக்’ என்ற சொல்லைக் கேட்டதும் இக்காலத்து இளைஞர்களுக்கு இருசக்கர வண்டிதான் நினைவுக்கு வரும். நான் இன்று பேசப்போவது வண்டியைப் பற்றியன்று. ஒரு மீனைப் பற்றி. முற்காலத்தில் ஐரோப்பியக் காலாட்படையினர் ஏந்திய நீண்ட ஈட்டிக்கு ஆங்கிலத்தில் பைக் என்று பெயர். கூரிய நீண்ட மூக்கும் ஒடுங்கிய உடலும் வாய்ந்த இந்த மீனுக்கும் அந்த ஆயுதத்தின் பெயரே அமைந்துவிட்டது. ஈட்டியின் பெயரைப் பெற்ற மீனை ஈட்டியாலேயே குத்திப் பிடிக்கும் வழக்கம் அமெரிக்க நாட்டின் வடபகுதியில் இன்றும் உண்டு. அதுவும் எப்போது? ஏரி உறைந்து கல்லாகி, அதன்மேல் மனிதர் நடந்து திரியும் கடுங்குளிர் காலத்தில்.

கனடாவின் எல்லையை ஒட்டியிருக்கிறது மினசோட்டா மாநிலம். என் மகள் குடும்பத்தோடு அங்கே வசிப்பதால், ஒரு குளிர்காலத்தை அந்நாட்டில் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அம்மாநிலத்தின் பேரேரிகளுள் ஒன்று லீச் ஏரி. நானூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. லீச் என்றால் அட்டை. அங்கே தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் ஒஜிப்வே மக்கள் தம் மொழியில் அதற்கு இட்ட பெயரின் பொருளும் அட்டைகள் மிகுந்த இடம் என்பதே. இத்தனை பெரிய நீர்ப்பரப்பு மாதக்கணக்கில் வெண்மையாய், அசைவற்றுக் கிடப்பதைக் கண்ணால் கண்டாலன்றி நம்புவது கடினம். நான்கு அங்குலம் கனத்தால் ஆள் நடக்கலாம். ஓரடிக்கு மேல் கனத்துவிட்டால் மோட்டார் வண்டிகளே அதன்மேல் ஓடுகின்றன.

மேலே உறைந்தால் கீழே மீன் எப்படிப் பிழைக்கும் என்று கேட்கத் தோன்றும். நீர் நான்கு பாகை சென்டிகிரேடில்தான் மிகுந்த அடர்த்தி பெறுகிறது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த நீர் அடியில் தங்குகிறது. அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே வந்து உறைகிறது. பனிக்கட்டியே ஏரிக்குப் போர்வையாகிவிடுகிறது. குளிர்நீரைப் பல மீன்கள் சோர்ந்து கிடந்து கழிக்க, பைக்கோ இரைதேடித் திரிகிறது. உண்மையில் பெரிய பைக்குகளுக்குக் கோடையின் வெதுவெதுப்புத்தான் ஆகாது.

இது நம் விராலைப் போலப் பதுங்கியிருந்து பாயும் மீன். முதுகுத் துடுப்பு வாலுக்கு அருகே அமைந்திருப்பதால், அசையாமல் நின்றவாறே ஒரே உந்தில் அம்புபோலப் பாயும். வாயினுள் வரிசை வரிசையாகப் பற்கள், உள்நோக்கிச் சாய்ந்தவை, பற்றிய இரை வெளியேற வழியில்லை. மினசோட்டாவில் பிடிபட்டவற்றுள் பெரியதாகப் பதிவாகியிருப்பது 1929-இல் பாஸ்வுட் ஏரியில் கிடைத்தது; எடை 45 ராத்தல் 12 அவுன்சு.

இதைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தூண்டில். துறப்பணத்தால் பனியில் வட்டமாகத் துளையிட்டு, சிறு மீனை இரையாகக் கோத்து இறக்கிவிட்டு, மேலே ஒரு சிறு கொடி பொருத்திய கருவியை வைத்துவிடுவார்கள். மீன் இரையைப் பற்றியதும் கொடி நிமிர்ந்து நிற்கும். மற்றொன்று ஈட்டி. அதற்கு இருட்டுக் குடில் வேண்டும். இதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

குடில் என்பது சன்னலே இல்லாத ஒரு சிறிய மரப்பெட்டி அறை. நீர்ப்பூண்டுகள் அடர்ந்த இடத்தின் ஓரமாக, ஆழம் அதிகமில்லாத இடத்தில் அதை நிறுத்துகிறார்கள். உள்ளே, தரையில் இரண்டடிக்கு மூன்றடி அளவில், சில சமயம் அதற்கும் பெரிதாக, பனிக்கட்டியை வாளால் அறுத்து எடுத்துவிடுகிறார்கள். ஒரு மூலையில் சிறு அடுப்பு. புகைபோகவும் காற்றுவரவும் வழி வைத்தே தீரவேண்டும். கதவைச் சாத்தியதும் கும்மிருட்டு. சிறிது நேரத்தில் கண் பழகியதும், காலடியில் அந்த நீர்த்துளை பச்சையாக ஒளிவிடத் தொடங்குகிறது! அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிறது. பூண்டின் இலை தெரிகிறது. விளக்கு எதுவும் இல்லை. வெளியே பனியின்மீது விழும் பகலொளி அதனூடே பரவி நீருக்குள் இறங்குகிறது; அறையில் ஒளி இல்லாததால் நீரின் மேற்பரப்பில் பளபளப்பும் இல்லை. நண்பகலில் இருண்ட அறையிலிருந்து தெருவைப் பார்ப்பவனுக்குத் தெரு தெளிவாகத் தெரியும். தெருவில் போகிறவனுக்கு அறைக்குள் இருப்பவன் தெரியமாட்டான் அல்லவா? அதே கதைதான். மனிதன் மீனைக் காண்கிறான்; மீன் மனிதனைக் காண்பதில்லை.

இந்த உத்தியை வெள்ளையர் கண்டுபிடிக்கவில்லை. பனியில் துளையிட்டு, குப்புறப் படுத்து, தலைக்குமேல் தோலையோ கம்பளத்தையோ போர்த்து இருட்டாக்கிக்கொண்டு ஒஜிப்வே மக்கள் மீன் குத்தினார்கள். அவர்கள் மொழியில் இம்மீனுக்குக் கினோஷே என்று பெயர். லீச் ஏரிக்குத் தென்கிழக்கே உள்ள மில் லாக்ஸ் ஏரிப் பக்கத்து ஒஜிப்வேக்கள், நிலத்தை விட்டுக்கொடுத்த 1837-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உரிமையை நிறுத்திக்கொண்டனர். அவ்வுரிமை இன்றும் செல்லும் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். ஒரு நீதிபதியின் கருத்து மாறியிருந்தால் 162 ஆண்டு வாக்குறுதி வெறும் காகிதமாகியிருக்கும்.

மீனைத் துளைக்கு வரவழைப்பது எப்படி? நம் முன்னோர் காலத்து வேடர்கள் பழக்கிய மானைக் காட்டிக் காட்டு மானைப் பிடித்தார்கள். பழக்கிய அந்த விலங்குக்குப் ‘பார்வை’ என்று தமிழில் பெயர். இங்கே இருப்பது பார்வை மீன். மரத்தில் செதுக்கி, தகரத்தால் துடுப்பு வைத்து, அமிழ்வதற்காக வயிற்றில் ஈயம் வார்த்து, வண்ணம் பூசியிருப்பார்கள். குச்சியில் கட்டிய நூலால் மெல்ல இழுத்தால் அது நீருக்குள் வட்டமிட்டு நீந்தும். மிச்சிகன் மாநிலத்துக் காடிலாக் ஊரைச் சேர்ந்த ஆஸ்கர் பீட்டர்சன் (1887–1951) செதுக்கியவற்றைச் செல்வர்கள் இன்று கலைப்பொருளாக வாங்கிச் சேர்க்கிறார்கள். மீனை ஏமாற்றச் செய்த பொருள் மனிதனையும் மயக்கிவிட்டது!

ஈட்டி முழுவதும் இரும்பு; ஐந்தடி அளவு நீளம்; நுனியில் ஏழோ ஒன்பதோ முட்கள், ஒவ்வொன்றிலும் கொளுக்கி; மறுமுனையில் கயிறு. அதை வீசுவதில்லை. முட்களை ஓசைப்படாமல் நீருக்குள் முதலில் நுழைத்துவிட்டு, தலைக்குச் சற்றுப் பின்னே குறிபார்த்துச் செலுத்துகிறார்கள்; ஈட்டியின் கனமே மீதியைச் செய்துவிடுகிறது.

கைவேலை எளிது, கடினமெல்லாம் கண்ணுக்குத்தான். நாணயத்தைக் கிண்ணத்தில் இட்டு நீர் ஊற்றிக் காட்டும் சோதனையை நான் எத்தனையோ ஆண்டுகள் மாணவர்களுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். நேர்மேலிருந்து பார்க்கும்போது நீரின் ஆழம் முக்கால் பங்காகத் தோன்றும். பன்னிரண்டடி ஆழத்தில் நிற்கும் மீன் ஒன்பதடியில் நிற்பதாகக் காணும். ஆகவே பெரிதாகவும் காணும். இதோடு மற்றொரு சங்கடமும் உண்டு. லீச் ஏரியில் மஸ்கி என்ற மீனும் வாழ்கிறது. அது பைக்கின் நெருங்கிய உறவு. சற்றேறக்குறைய அதே உருவம். ஈட்டியால் அதைக் குத்துவது குற்றம். பைக்கின் கருத்த உடலில் வெளிறிய புள்ளிகள். மஸ்கியின் வெளிறிய உடலில் கருத்த கோடுகள். வால்முனை பைக்குக்கு மழுங்கியது, மஸ்கிக்குக் கூரியது. படத்தில் வைத்துக் காட்டினால் குழந்தையும் சொல்லிவிடும். நிழலாடும் நீரில், மேலிருந்து முதுகை மட்டும் பார்த்து, நொடிப்பொழுதில் சொல்லவேண்டும்!

என் மகளின் அண்டை வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தச்சர், என்னைத் தம் குடிலுக்கு அழைத்துச் சென்றிருந்தார். மூன்று மணி நேரம் இருவரும் வாய்திறவாமல் அமர்ந்திருந்தோம். பிறகு, வந்த சுவடே தெரியாமல், பார்வை மீனுக்கு ஒரு முழத் தொலைவில் ஒரு பேருருவம் நின்றது. பொம்மையைவிட நான்கு மடங்கு நீளம் இருக்கும். அவர் ஈட்டியின் முட்களை நீரில் நுழைத்தார். கையில் தாங்கியபடியே நின்றார். என் நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஓசை எனக்கே கேட்டது. அந்த மீன் மெதுவாகத் திரும்பி இருளுக்குள் போயிற்று. ஈட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, “வால் தெரியவில்லை” என்றார். அவ்வளவுதான்; மீண்டும் பொம்மையை ஆட்டத் தொடங்கினார். அன்று மாலைவரை வேறு மீன் வரவில்லை. நாற்பதாண்டுகளாக இத்தொழிலில் ஈடுபட்டவர் அவர். குத்திய மீன்களைவிடப் போகவிட்ட மீன்களே தமக்கு நன்றாக நினைவிருக்கின்றன என்று திரும்பும் வழியில் கூறினார்.

தூண்டிற்காரனுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிடித்த மீனைக் கையில் எடுத்து, அளந்து, வேண்டாமென்றால் விட்டுவிடலாம். ஈட்டிக்கு அந்த வசதி கிடையாது. அதனால் சில தூண்டிற்காரர்கள் ஈட்டியைக் குறைகூறுகிறார்கள், பெரிய மீன்களை இது ஒழித்துவிடுகிறது என்று. அக்கவலையைப் பொறாமை என்று நான் தள்ளமாட்டேன். பெரிய பைக்குகளில் பெரும்பாலானவை பெண்மீன்கள். குளிர்ந்த ஏரிகளில் அவை அந்த அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும். அவைதாம் சிறு பைக்குகளைத் தின்று அவற்றின் பெருக்கத்தை அடக்குகின்றன. பெரியவற்றை அகற்றிவிட்டால் ஏரி முழுதும் சிறு பைக்குகள் மண்டிவிடும். இரை போதாமல் வளர்ச்சி குன்றிவிடும். பெர்ச் முதலிய மற்ற மீன்களையும் தின்று தீர்த்துவிடும். மெலிந்த இந்தக் குட்டிகளுக்குச் ‘சுத்தியல் பிடி’ என்று அவ்வூரார் பட்டம் சூட்டியிருக்கிறார்கள். ஆயினும் பெரிய மீனைத் தூண்டிலிட்டுத் தூக்கிச் சென்றவர்களும் குறைவில்லையே! பழியை ஈட்டியின்மேல் மட்டும் சுமத்துவது நியாயமாக எனக்குப் படவில்லை.

மாநில அரசு 2018-இல் இதற்கொரு விதி வகுத்தது. வடமத்திய வட்டாரத்தில் ஒருவர் பத்து பைக் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் 26 அங்குலத்துக்கு மேற்பட்டவை இரண்டுக்கு மேல் கூடாது. 22 முதல் 26 அங்குலம் வரை உள்ளவற்றைத் தூண்டிற்காரர் திரும்ப விட்டுவிடவேண்டும். ஈட்டிக்காரருக்கோ, அந்த இடைப்பட்ட அளவில் ஒன்றுக்குச் சலுகை உண்டு. அப்படி ஒன்றை எடுத்தால் 26 அங்குலத்துக்கு மேற்பட்டது ஒன்றுதான். நீருக்குள் கண் தவறக்கூடும், குத்திய மீனை உயிரோடு விடமுடியாது என்ற உண்மையைச் சட்டமே ஏற்றுக்கொண்டதாக இதை நான் கருதுகிறேன். நீளம் தெரிந்த பார்வை மீனைத் தொங்கவிட்டு, வந்த மீனை அதனோடு ஒப்பிட்டு அளப்பது தச்சரின் வழக்கம். அவர் பொம்மைகளின் வயிற்றில் அங்குலக் கணக்கைச் சிறு ஆணியால் கீறி வைத்திருந்தார்.

பிப்ரவரி இறுதியில் ஈட்டிப் பருவம் முடிந்துவிடுகிறது. மார்ச் நடுவில் குடில்களை ஏரியிலிருந்து அகற்றிவிடவேண்டும். பிறகு பனி கரைந்து கரையோரச் சதுப்புகளில் புதுநீர் ஏறும். அப்போது, பனி முழுவதும் நீங்குவதற்குள்ளாகவே, பெரிய பெண் பைக்குகள் முழங்காலளவு நீரில் புல்லிடையே வந்து முட்டைகளைத் தூவுகின்றன. முட்டைகள் புல்லில் ஒட்டிக்கொள்கின்றன. தாய் காவலிருப்பதில்லை.