ஹிஸ்டெரோஸ்கோபிக்கு முன் மாத்திரை... எல்லோருக்கும் தேவையா?

மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தக்கசிவா? மாதாமாதம் அதிக உதிரப்போக்கா? காரணத்தை அறிய, மெல்லிய கேமரா குழாயைக் கர்ப்பப்பைக்குள் செலுத்திப் பார்க்கும் பரிசோதனைதான் ஹிஸ்டெரோஸ்கோபி. மயக்க மருந்து இல்லாமல், புறநோயாளியாகவே செய்துகொண்டு அன்றே வீடு திரும்பலாம்.

பரிசோதனைக்கு முன், கர்ப்பப்பை வாயை இளகச் செய்ய ‘மிசோப்ரோஸ்டால்’ மாத்திரை தருவதுண்டு. முதலில் வயிற்றுப்புண்ணுக்காக வந்த மருந்து இது. வயிற்றுப் பிடிப்பு, ரத்தக்கசிவு, குளிர் நடுக்கம், வயிற்றுப்போக்கு எனப் பக்கவிளைவுகள் வரலாம். வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறும் பெண்ணுக்கு, இவை பாதி வழியில் தொடங்கினால் அவதிதான்.

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இதை எல்லோருக்கும் வழக்கமாகத் தர வேண்டாம் என்றது. வலி குறையும் என்பதற்குச் சான்று இல்லை என்பதே காரணம். அது பரிந்துரைத்தது இரண்டு: 3.5 மி.மீ-க்கு மிகாத மெல்லிய குழாய். சுமார் ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை. தடிமனான கருவி, இறுகிய கர்ப்பப்பை வாய் என்றால், தேவையை மருத்துவர் முடிவு செய்வார்.

எனவே, ‘இந்த மாத்திரை எனக்கு ஏன்? எப்போது, எங்கே போட வேண்டும்?’ என்று தயங்காமல் கேளுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு, ஆஸ்துமா, அல்சர், மருந்து அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லுங்கள். பரிசோதனையின்போது வலி பொறுக்க முடியாவிட்டால், ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.